விட்ட மீன் எதுவும் தங்கவில்லை: 2 வருட ரீஃப் தொட்டியில் அடுத்து எதை விடலாம்?

உப்புநீர் (கேள்வி):
வணக்கம். என் ரீஃப் தொட்டி (பவளமும் கடல் மீனும் சேர்த்து வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) 4 அடி நீளம், 300 லிட்டர், கீழே 60 லிட்டர் சம்ப் (தண்ணீர் வடிகட்டும் துணைத் தொட்டி). ஓட ஆரம்பித்து 2 வருடம் ஆகிறது. உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, நைட்ரேட் 8, அம்மோனியா இல்லவே இல்லை. பவளங்கள் எல்லாம் நன்றாக விரிகின்றன. ஹேமர், ஜோவா, ஒரு டிரக்கிஃபிலியா, அப்புறம் உள்ளங்கை அளவில் ஒரு டிரிடாக்னா சிப்பி இருக்கிறது.

மீன்கள்: ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு ராயல் கிராமா, ஒரு சிக்ஸ்லைன் ராஸ். சுத்தம் செய்யும் இறால் இரண்டு.

கடந்த 4 மாதத்தில் மூன்று மீன் விட்டேன். முதல் ஃபயர்ஃபிஷ் மூன்றாம் நாள் தொட்டிக்குப் பின்னால் தரையில் காய்ந்து கிடந்தது. இரண்டாவது ஃபயர்ஃபிஷ் ஒரு வாரம் பாறைக்குள்ளேயே இருந்து, சாப்பிடாமல் காணாமல் போனது. கடைசியாக விட்ட சின்ன ஃபேரி ராஸ் இரண்டே நாளில் வால் கிழிந்து செத்துப்போனது. தண்ணீரை மூன்று தடவை சோதித்துவிட்டேன், ஒரு குறையும் இல்லை. மனசே விட்டுப்போச்சு. தவறு என்னுடையது என்று தெரிகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

அடுத்து நான் ஆசைப்படுவது: மாண்டரின், ப்ளூ டாங், ஃப்ளேம் ஏஞ்சல், ஒரு ஜோடி பங்காய் கார்டினல். இதில் எவை ஒத்துப்போகும்?

திருக்கை:
தண்ணீரை விடுங்கள் தம்பி. ஒரே ஒரு கேள்வி: சிக்ஸ்லைன் எத்தனை நாளாக உள்ளே இருக்கிறது?

உப்புநீர்:
ஒன்றரை வருடம் அண்ணா. விரல் நீளம்தான். இதுவரை யாரையும் தொட்டதே இல்லை.

திருக்கை:
நீங்கள் விட்ட அந்த மூன்று மீனுக்கு முன்னால் அதன் எல்லைக்குள் புதிதாக யாரும் வரவில்லை. கோமாளிகளும் கிராமாவும் அதற்கு முன்பே இருந்தவை, அதனால் விட்டுவிட்டது. ஒன்றரை வருடத்தில் ஒவ்வொரு பாறை இடுக்கும் அதற்குச் சொந்தமாகிவிட்டது. மூன்று சாவையும் சேர்த்துப் பாருங்கள். ஃபயர்ஃபிஷ் பயந்தால் துள்ளும், அல்லது ஒளிந்து பட்டினி கிடக்கும். ஃபேரி ராஸ் சிக்ஸ்லைனின் குடும்பத்தைச் சேர்ந்தது, உடல்வாகும் ஒன்று, அதனால்தான் நேரடியாகக் கடி வாங்கியது. வால் கிழிந்தது தண்ணீரால் வருவதில்லை.

நம்ப வேண்டாம், நீங்களே சோதியுங்கள். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தொட்டியின் பக்கவாட்டில் வெளியே ஒட்டி, தன் பிம்பத்தைப் புது மீன் என்று நினைத்து எது சண்டைக்கு வருகிறது என்று பத்து நிமிடம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள்.

உப்புநீர்:
பார்த்தேன். கோமாளிகள் ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. கிராமா வாயைப் பெரிதாகத் திறந்து காட்டிவிட்டுத் தன் பொந்துக்குத் திரும்பியது. சிக்ஸ்லைன் மட்டும் போகவே இல்லை. கண்ணாடிக்கு நேராக உடம்பை வளைத்து, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு, திரும்பத் திரும்ப மோதியது. இந்த முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. பாறைகளை இடம் மாற்றி வைத்தால் போதுமா?

பவழமல்லி:
நானும் மாற்றிப் பார்த்தேன், நாலு நாள் குழம்பியது, ஐந்தாம் நாள் பழைய கதை. பவளம் ஒட்டி வளர்ந்த பாறையைக் கலைப்பதும் வீண் வேலை. அதைப் பிடித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவதுதான் ஒரே வழி.

வலையோடு துரத்தாதீர்கள், கிடைக்காது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகுங்கள். ஒரு கல்லைப் போட்டு மணலில் படுக்க வையுங்கள். மீன் நுழைய இடமிருக்கும், திரும்பும் வழி தெரியாது. முதல் நாலைந்து நாள் செருகாமல் வெறும் பாட்டிலை வைத்து, அதற்குள் மட்டும் மைசிஸ் (குட்டி இறால் போன்ற தீனி) போடுங்கள். உள்ளே போய்ச் சாப்பிடப் பழகட்டும். அப்புறம் கழுத்தைச் செருகுங்கள். இரண்டு நாள் வேறு தீனி போடாமல் இருந்தால் மற்ற மீன்களுக்கு ஒன்றும் ஆகாது.

இனி உங்கள் பட்டியல். ப்ளூ டாங் வேண்டவே வேண்டாம். கட்டைவிரல் அளவில் வாங்குவோம், அது 30 செ.மீ. வரை வளரும் மீன், நாளெல்லாம் நீந்தும். 4 அடியில் அதை வைப்பது அதற்குக் கொடுமை. மாண்டரின் நாள் முழுக்க கோப்பிபாட்டை (பாறையில் வாழும் கடுகிலும் சிறிய உயிர்கள்) பொறுக்கித் தின்று வாழ்கிறது. சிக்ஸ்லைனும் அதையேதான் தின்கிறது, ஒன்றரை வருடமாக. விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்து முன்கண்ணாடியைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளாக கோப்பிபாட் நிறைய ஓடினால்தான் மாண்டரினைப் பற்றி யோசிக்கலாம். சிக்ஸ்லைன் போன பிறகும் சில மாதம் பொறுங்கள். சம்பில் கொஞ்சம் கீட்டோ பாசி வளர்த்தால் கோப்பிபாட் பெருகும்.

பங்காய் கார்டினல் நல்ல தேர்வு, ஆனால் தொட்டியில் பிறந்ததாகக் கேட்டு வாங்குங்கள். இந்தோனேசியாவில் பங்காய் தீவுகளைச் சுற்றியுள்ள சிறிய பகுதிதான் அதன் சொந்த இடம். அளவில்லாமல் பிடித்ததால் 2007-இல் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. இரண்டும் ஆணாக அமைந்துவிட்டால் ஒன்று மற்றதைக் கொன்றுவிடும். ஏற்கெனவே சேர்ந்த ஜோடி கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒன்றே போதும். ஜோடி என்றால் ஆண் மீன் முட்டையை வாயில் வைத்து மூன்று வாரத்துக்கும் மேல் சாப்பிடாமல் காக்கும். அதைப் பார்ப்பதற்காகவே வளர்க்கலாம்.

நீலக்கரை:
ஃப்ளேம் ஏஞ்சல் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் தொட்டியில் 3 வருடமாக இருக்கிறது, ஒரு பவளத்தையும் தொட்டதில்லை. பயப்படாமல் விடுங்கள்.

திருக்கை:
உங்களுக்கு நல்ல மீன் அமைந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் ஏஞ்சலில் ஒவ்வொன்றும் ஒரு குணம். என்னுடையது ஏழு மாதம் சாதுவாக இருந்துவிட்டு, ஒரு நாள் டிரக்கிஃபிலியாவின் சதையைக் கொத்தத் தொடங்கியது. தம்பியிடம் அதே பவளமும் இருக்கிறது, டிரிடாக்னாவும் இருக்கிறது. அந்தச் சிப்பியின் ஓரத்தைக் கொத்திக்கொண்டே இருந்தால் அது விரியாமல் மெலிந்து செத்துவிடும். அந்த இரண்டையும் காப்பாற்ற நினைத்தால் ஏஞ்சலை மறந்துவிடுங்கள். நிறம்தான் வேண்டுமென்றால், சிக்ஸ்லைன் போனபின் திரும்பவும் ஃபேரி ராஸ் விடலாம். பவளத்தைத் தொடாது.

மூடி இருக்கிறதா? ஃபயர்ஃபிஷ், ஃபேரி ராஸ் இரண்டுக்கும் மேலே வலைமூடி கட்டாயம். ஒயர் போகும் மூலையையும் அடைக்க வேண்டும். அந்த இரண்டு விரல் இடைவெளிதான் எப்போதும் ஆளைக் கொல்லும்.

பவழமல்லி:
இன்னொன்று. குவாரண்டைன் தொட்டி (புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தொட்டி) இல்லாமல் ஒன்றையும் விடாதீர்கள். மீனை ஒட்டி வாழும் ஒட்டுண்ணியால் வரும் வெள்ளைப்புள்ளி நோய் ரீஃப் தொட்டிக்குள் புகுந்தால் காப்பர் மருந்து போட முடியாது, இறாலும் பவளமும் செத்துவிடும். அப்புறம் எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் ஓட்டவேண்டி வரும். 40 லிட்டர் தொட்டி, ஹீட்டர், ஒளிய இரண்டு பிவிசி குழாய், இப்போதே சம்பில் போட்டு ஊறவைத்த ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். நாலு வாரம் வைத்து, தினமும் நன்றாகச் சாப்பிடுகிறதா என்று பாருங்கள்.

உப்புநீர்:
ஒன்பதாம் நாள் காலையில் சிக்ஸ்லைன் பாட்டிலுக்குள் இருந்தது. ராஸ் மட்டுமே வளர்க்கும் பெரிய தொட்டிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலமே கிராமா பொந்தைவிட்டு ஒரு சாண் வெளியே வந்து நீந்தியது. இத்தனை நாள் அது கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

மூடி செய்தாகிவிட்டது, ஸ்பாஞ்ச் ஊறுகிறது. எந்த வரிசையில் விடட்டும்?

திருக்கை:
சாது முதலில். ஃபயர்ஃபிஷ், ஒரு மாதம் கழித்து கார்டினல், கடைசியாக ஃபேரி ராஸ். ஃபயர்ஃபிஷ்ஷை நேராக விடாமல், துளை போட்ட பெட்டியில் வைத்து உள்ளே தொங்கவிடுங்கள். கிராமா வந்து வாயைக் காட்டும். மூன்று நாளில் அலுத்துப் போய்விடும், அப்போது விளக்கை அணைத்துவிட்டு பெட்டியைத் திறங்கள்.