காணி துண்டு போடேக்க பார்க்குக்கு எங்க இடம் விடுறது?

வடலி:
யாழ்ப்பாணத்தில தாவடிப் பக்கம் எங்கட குடும்பக் காணி 48 பரப்பு (1.2 ஹெக்டேயர் மட்டில), சகோதரங்கள் சேர்ந்து துண்டு போட்டு வீடு கட்டப்போறம். சேவையர் கீறின பிளானில நடுவால றோட்டு, ரெண்டு பக்கமும் துண்டுகள், பார்க் எண்டு மூலைப் பள்ளத்தைத் தள்ளி விட்டிருக்கு. அங்க ஆர் போவினம்? பிள்ளையள் றோட்டுக்கு ஏறாமலே விளையாடப் போற மாதிரிச் செய்யேலாதோ?

கேணியடி:
ஏலும் தம்பி. 1929ல அமெரிக்காவில நியூ ஜெர்சி ராட்பேர்ணில கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் எண்ட ரெண்டு நகரத் திட்டக்காரர் செய்தது உதுதான், கார் ஒரு பக்கத்தால குச்சொழுங்கைக்குள்ள வரும், மற்றப் பக்கம் வீட்டு வாசல் பொதுப் பார்க்கைப் பாத்திருக்கும், பிள்ளையள் பார்க்குக்குள்ளாலயே நடந்து திரியுங்கள், றோட்டைக் கடக்கக்கூடக் கீழால பாதை. ஆனா எங்களுக்கு முதல் தண்ணியைப் பாக்கோணும். மாரியில உங்கட காணி வெள்ளம் எந்தப் பக்கத்தால அந்தப் பள்ளத்துக்கு இறங்குது எண்டு போய்ப் பாருங்கோ, அந்த வழியையே மூடாமல் அகலமா விட்டு, ரெண்டு கரையிலயும் மரம் வைச்சு நடைபாதை போடுங்கோ, அதுதான் பார்க், பள்ளம் அதின்ர கடைசியில சின்னக் கேணி. கலிபோர்னியா டேவிஸில 1970களில கட்டின வில்லேஜ் ஹோம்ஸ் எண்ட குடியிருப்பிலயும் குழாய் தாக்காமல் திறந்த வாய்க்காலாலதான் மழைத்தண்ணியை விட்டவை. எங்களுக்குக் கீழ சுண்ணக்கல், வருசம் முழுக்க ஓடுற ஆறும் இல்லை, மழை நிலத்துக்க இறங்கினாத்தான் கிணறு.

ஒழுங்கைக்காரன்:
1 ஹெக்டேயருக்கு மேல பிரிச்சா 10 வீதம் பொதுவெளிக்கு விடோணும் எண்டு நகர அபிவிருத்தி அதிகாரசபை விதி இருக்கு, அதுக்காகத்தான் மூலையைக் காட்டுறவை. எனக்குப் பயம் மதில்தான். எல்லாரும் ஆறடி மதில் எழுப்பினா உங்கட பச்சை வெளி ரெண்டு சுவருக்கு நடுவில போற இருட்டுச் சந்து, பொம்பிளைப் பிள்ளையள் பொழுதுபட்டா அதால வராதுகள், பிறகு குப்பைதான் கொட்டுப்படும். பார்க் பக்கத்துக்குக் கிளுவை வேலி, நெஞ்சளவுக்கு மேல விடக்கூடாது எண்டு உறுதியிலயே எழுதுங்கோ. ஆர் துப்புரவாக்கிறது எண்டதையும் இப்பவே கதையுங்கோ, காணி கைமாறினாப் பிறகு ஒருத்தரும் கேளாயினம்.

பனங்கூடல்:
ஒவ்வொரு துண்டிலயும் தனிக் கிணறு, தனி மலகூடக் குழி எண்டு போகாதேங்கோ, சின்னத் துண்டில குழித் தண்ணி கிணத்துக்கு வந்திடும், சுண்ணக்கல்லு வெடிப்பால ஓடுறது வடிபடாது. பொதுவெளியின்ர மேட்டுப் பக்கத்தில பொதுக்கிணறு ஒண்டு, குழியள் எல்லாம் அதுக்குத் தூரமா. நிக்கிற பனையளையும் தறிக்காதேங்கோ, அதுகள் நிக்கிற இடத்தை முதல் பிளானில குறிச்சுப்போட்டு மிச்சத்தில வீட்டை வையுங்கோ.

வடலி:
வெள்ளம் வாறது வடக்கு வேலியால, அதுக்கங்கால கோயில் குளம். அப்ப பாதையைக் குளக்கட்டு மட்டும் கொண்டுபோகலாம் போல, கோயில் ஆக்களோட கதைக்கிறன்.