ஆய்வறிக்கையில் "நஞ்சு கண்டறியப்படவில்லை" என்றால் என்ன பொருள்?

மதிவாணி (கேள்வி):

வணக்கம். சட்டப் படிப்பின் இறுதியாண்டில் தடய அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். பாடநூல் நஞ்சுகளை அரிப்பவை, எரிச்சலூட்டுபவை, நரம்பைத் தாக்குபவை என்று வகை பிரித்துவிட்டு, ஆய்வகம் அவற்றை எப்படிக் கண்டறிகிறது என்பதை இரண்டே பத்திகளில் முடித்துவிடுகிறது. இறந்தவரின் உள்ளுறுப்புகளை ஆய்வுக்கு அனுப்பி, "நஞ்சு ஏதும் கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வந்தால், உடலில் நஞ்சே இல்லை என்று முடிவு செய்துவிடலாமா? எல்லா நஞ்சுகளையும் ஒரே சோதனையில் காட்டிவிடும் கருவி ஏதேனும் உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இளங்கோவன்:

நஞ்சியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். அப்படிப்பட்ட ஒரே கருவி கிடையாது. அந்த அறிக்கையை "நாங்கள் தேடிய பொருள்கள், நாங்கள் பயன்படுத்திய முறையில், எங்களுக்கு வந்த மாதிரியில் கிடைக்கவில்லை" என்றுதான் படிக்க வேண்டும். எதைத் தேடுவது என்பதை முடிவு செய்ய, அந்த நஞ்சு உடலில் என்ன செய்கிறது என்ற அறிவே வழிகாட்டுகிறது.

கார்பன் மோனாக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் ஹீமோகுளோபினோடு இணைந்துகொள்வதால், இரத்தம் ஓடிக்கொண்டிருந்தாலும் திசுக்களுக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை. அந்த இணைப்பின் நிறம் செர்ரிப் பழச் சிவப்பு என்பதால், இறந்தபின் உடலின் தாழ்ந்த பகுதிகளில் இரத்தம் தேங்கி உண்டாகும் கறை, வழக்கமான கருஞ்சிவப்பாக இல்லாமல் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஆய்வகத்தில் நிறமாலை அளவீட்டின் மூலம் ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு இவ்வாறு பிடிபட்டிருக்கிறது என்று கணக்கிடுவார்கள். சயனைடில் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது: ஆக்சிஜன் உயிரணு வரை வந்துசேர்கிறது, ஆனால் மைட்டோகாண்டிரியாவிலுள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் நொதி முடக்கப்படுவதால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. கசப்பு வாதுமை வாசனையைப் பற்றி எல்லாரும் படித்திருப்பீர்கள். அதை நுகர்ந்தறியும் திறன் பலருக்குப் பிறவியிலேயே இல்லை என்பதால், வாசனை வரவில்லை என்று பிணக்கூறாய்வில் எழுதியிருப்பதை வைத்துச் சயனைடை ஒதுக்கிவிடக் கூடாது.

ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகளில் நிலைமை இன்னும் சுவையானது. அவை அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குவதால் நரம்புச் செய்தி நிற்காமல் தொடர்ந்து, கண்பாவை ஊசிமுனையளவு சுருங்கி, எச்சிலும் வியர்வையும் பெருகி, மூச்சுக்குழாயில் சளி நிறைந்து, மூச்சுவிடும் தசைகளும் தளர்ந்துபோகின்றன. பூச்சிக்கொல்லி மூலக்கூறு சிதைந்துவிட்டாலும், முடங்கிப்போன நொதியின் அளவு இரத்தத்தில் சாட்சியாக நிற்கும். சிறுநீரில் அதன் சிதைவுப் பொருள்களையும் தேடலாம். ஆகவே நஞ்சைத் தேடுவது என்பது அந்தப் பொருளையும், அது உடலில் மாறிய வடிவத்தையும், அது உண்டாக்கிவிட்டுப் போன பாதிப்பையும் சேர்த்தே தேடுவதாகும்.

இல்லாததாகச் சொல்லப்பட்டது பிறகு கிடைத்ததற்கு 1840இல் பிரான்சில் நடந்த லஃபார்ஜ் வழக்கு (கணவருக்கு ஆர்செனிக் கொடுத்துக் கொன்றதாக மரி லஃபார்ஜ் என்ற பெண்மீது நடந்த வழக்கு) நல்ல சான்று. ஜேம்ஸ் மார்ஷ் 1836இல் வெளியிட்ட ஆர்செனிக் சோதனையில், துத்தநாகமும் அமிலமும் சேர்ந்த கலவையில் மாதிரியை இட்டு, எழும் வாயுவைச் சூடான கண்ணாடிக் குழாய் வழியே செலுத்தினால், ஆர்செனிக் இருக்கும்போது கண்ணாடியில் கருமையான பளபளப்புப் படலம் படியும். அந்தப் புதிய சோதனையைச் செய்து பழக்கமில்லாத உள்ளூர் வேதியியலாளர்கள், தோண்டியெடுத்த உடலின் மாதிரிகளில் ஆர்செனிக் இல்லை என்று அறிவித்தார்கள். பாரிசிலிருந்து அழைக்கப்பட்ட நஞ்சியல் அறிஞர் ஓர்ஃபிலா அதை மீண்டும் செய்து, இருப்பதைக் காட்டினார். அது தம்முடைய வேதிப்பொருள்களிலிருந்தோ சவப்பெட்டியைச் சுற்றியிருந்த மண்ணிலிருந்தோ வரவில்லை என்பதையும் நிறுவினார். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் வழக்கறிஞர்கள் கூர்ந்து படிக்க வேண்டும் என்பேன்.

மருத்துவர் செல்வநாயகி:

இளங்கோவன் ஐயா சொன்னதோடு, மாதிரி எடுக்கும் இடத்தைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன்; பல வழக்குகள் அங்கேயே வலுவிழந்துவிடுகின்றன. திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான ஃபார்மலின் கரைசலில் நஞ்சியல் மாதிரியைப் போட்டுவிட்டால், பல பொருள்களை மீட்பது கடினம். இரத்தத்தில் சோடியம் புளோரைடு சேர்க்காமல் வைத்தால் நுண்ணுயிர்கள் அதிலேயே ஆல்கஹாலை உண்டாக்கக்கூடும். இதயத்திலிருந்து எடுத்த இரத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. இறந்தபின் ஈரலிலும் நுரையீரலிலும் தங்கியிருந்த மருந்துகள் கசிந்து அங்கே அளவைக் கூட்டிக்காட்டும் என்பதால், தொடைச் சிரையிலிருந்து எடுத்த இரத்தமே ஒப்பீட்டுக்கு ஏற்றது. எனவே "கண்டறியப்பட்டது" என்ற அறிக்கையையும் இதே கவனத்துடன் படிக்க வேண்டும்.

மதிவாணி:

இருவருக்கும் மிக்க நன்றி. நாள்பட்டுச் சிறிது சிறிதாகக் கொடுக்கப்பட்டதா, ஒரே முறையில் கொடுக்கப்பட்டதா என்பதை ஆய்வகம் சொல்ல முடியுமா?

இளங்கோவன்:

ஆர்செனிக் போன்றவற்றில் ஓரளவு முடியும். அது புரதங்களிலுள்ள கந்தகத் தொகுதிகளைப் பற்றிக்கொள்வதால், கந்தகம் மிகுந்த கெரட்டினால் ஆன முடியிலும் நகத்திலும் தங்கிவிடுகிறது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், வேர்ப்பக்கம் எதுவென்று குறித்து, துண்டு துண்டாக நறுக்கித் தனித்தனியே ஐ.சி.பி. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (தனிமங்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் கருவி) அளந்தால், எந்த மாதங்களில் உட்சென்றது என்ற வரிசை தெரியவரும். முடி வெளியிலிருந்தும் மாசுபடும் என்பதால், கழுவிய நீரையும் ஆய்ந்தார்களா என்று கேளுங்கள்.

கரிம நஞ்சுகளில், முதற்கட்டச் சோதனையான இம்யூனோஅஸ்ஸே (எதிர்ப்பொருள்களைக் கொண்டு ஒரு பொருளைத் தேடும் முறை) ஒரு குறிப்பை மட்டுமே தரும். ஒத்த அமைப்புள்ள வேறு மருந்தும் அதில் நேர்முடிவு காட்டலாம். கலவையிலுள்ள பொருள்களை வாயு அல்லது திரவக் குரோமட்டோகிராபி என்னும் முறையில் தனித்தனியே பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் மூலக்கூறின் சிதறல் வடிவத்தைக் கண்டு உறுதிசெய்த பிறகே பெயரை எழுத வேண்டும். அறிக்கை கையில் வந்ததும், எந்த மாதிரி, எந்த முறை, எவ்வளவு குறைந்த அளவு வரை அந்த முறை காட்டும், நஞ்சில்லாத வெற்று மாதிரியையும் ஒப்பீட்டுக்காக உடன் சோதித்தார்களா, முத்திரை சிதையாமல் வந்ததா என்பவற்றைப் பாருங்கள். நோயாளி மருத்துவமனையில் சில நாள் உயிரோடு இருந்திருந்தால், அனுமதித்த அன்று எடுத்த முதல் இரத்தம் இன்னும் ஆய்வகக் குளிர்பெட்டியில் இருக்கிறதா என்று உடனே விசாரியுங்கள்; பிணக்கூறாய்வில் எடுத்த எந்த மாதிரியையும்விட அது அதிகம் சொல்லக்கூடும்.