20 ரூபாய்க்குள் ஒரு மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசி: எப்படி முடிந்தது, நமக்கு ஏன் இல்லை?

கேள்வி: குடவாசல் அறிவியல் ஆசிரியர்

வணக்கம். எட்டாம் வகுப்பில் தடுப்பூசி பற்றிய பாடத்தின்போது, புனேயில் தயாரான ஓர் ஊசி ஆப்பிரிக்காவில் மெனிஞ்சைட்டிஸ் (மூளையுறை அழற்சி) நோயை அடக்கியது என்று சொன்னேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "எங்கள் தெருவில் குழந்தைகளுக்குப் போட்ட மூளைக்காய்ச்சல் ஊசி அதுதானா, ஐயா?" என்று கேட்டாள். உறுதியாக விடை சொல்ல என்னால் முடியவில்லை. அதோடு எனக்கே இரண்டு ஐயங்கள் உள்ளன. பெரிய நிறுவனங்கள் பல மடங்கு விலைக்கு விற்ற வகை ஊசியை அரை டாலருக்கும் குறைவாக எப்படிக் கொடுக்க முடிந்தது? நம் நாட்டிலேயே தயாராகும் அந்த ஊசி நம் குழந்தைகளுக்கான அட்டவணையில் ஏன் இல்லை? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், வேதாரண்யம் வட்டம்

ஆசிரியர் ஐயா, உங்கள் மாணவியின் குழப்பத்திற்கு நம் பேச்சு வழக்கே காரணம். இரண்டு நோய்களையும் நாம் மூளைக்காய்ச்சல் என்றே சொல்லிவிடுகிறோம். நம் பகுதியில் அந்தப் பெயருக்குரியது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். அது ஒரு வைரஸ், நீர் நிற்கும் நெல்வயல்களில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவால் பரவுவது, பன்றியும் நீர்ப்பறவைகளும் அதைத் தாங்கி நிற்பவை. ஆப்பிரிக்காவில் பேசப்படுவது மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கும் பாக்டீரியா. அது கொசுவால் வருவதன்று, மனிதரின் தொண்டையிலிருந்து எச்சில் துளிகள் வழியாக இன்னொருவருக்குப் போவது. ஆகவே புதன்கிழமைகளில் நாங்கள் போட்ட ஊசி வேறு, அந்த ஊசி வேறு.

அந்த ஊசியைப் பற்றி நான் வியந்தது விலையை அன்று, வெப்பத்தைத் தாங்கும் திறனை. தூளாக உள்ள மருந்தை நீர்மத்தோடு கலக்கும் முன் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நான்கு நாள் வரை அதை வெளியே வைத்திருக்கலாம் என்று 2012-இல் அனுமதி கிடைத்தது. அந்த முறையை முதலில் கையாண்ட நாடு பெனின். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு மின்சாரம் இல்லாத நாட்களில், ஐ.எல்.ஆர். எனும் தடுப்பூசிக் குளிர்பதனப் பெட்டியில் இருந்த மருந்துகளைக் காப்பாற்ற ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைந்தவர்களுக்குத்தான் அந்த நான்கு நாட்களின் அருமை புரியும். ஐஸ் பேக் மாற்றும் கவலை இல்லாமல் ஊர் ஊராகச் செல்லலாம் என்றால் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

பதில்: மன்னார்குடி மருந்தாளுநர்

விலை பற்றிய ஐயத்திற்கு நான் விடை தர முயல்கிறேன். வழக்கமாக மருந்தைக் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு விலை வைப்பார்கள். இங்கே நடந்தது தலைகீழ். 1996, 97 ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் "மெனிஞ்சைட்டிஸ் பட்டை" எனப்படும், மேற்கே செனகல் முதல் கிழக்கே எத்தியோப்பியா வரையிலான பகுதியில் 2,50,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்று ஏறத்தாழ 25,000 பேர் இறந்தார்கள். அதன்பின், 2001-இல், உலக சுகாதார நிறுவனமும் பாத் (PATH) என்னும் லாப நோக்கற்ற சுகாதார அமைப்பும் கேட்ஸ் அறக்கட்டளையின் 7 கோடி டாலர் உதவியுடன் ஒரு திட்டத்தைத் தொடங்கின. அதற்குத் தலைமை தாங்கியவர் மார்க் லாஃபோர்ஸ். அவர்கள் முதலில் அந்த நாடுகளின் சுகாதாரத் துறையினரிடம் சென்று உங்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கேட்டார்கள். ஓர் ஊசிக்கு 50 சென்ட்டைத் தாண்டினால் எங்களால் தொடர முடியாது என்பது விடை. அந்த எல்லைக்குள் அடங்கும்படி மற்ற எல்லாம் அமைக்கப்பட்டன.

பழைய ஊசியில் பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள சர்க்கரைச் சங்கிலி மட்டும் இருந்தது. அது சிறு குழந்தைகளிடம் சரியாக வேலை செய்யாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் பாதுகாப்பும் தேய்ந்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, தொண்டையில் குடியிருக்கும் கிருமியை அது விரட்டாது என்பது. சர்க்கரைச் சங்கிலியை ஒரு புரதத்தோடு பிணைத்தால் உடல் அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்தப் பிணைக்கும் முறையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வகம் வழங்கியது. இந்தப் பாக்டீரியாவில் பல வகைகள் உண்டு; அங்கே கொள்ளைநோயாகப் பரவிய ஏ வகைக் கிருமியின் சர்க்கரைப் பொருள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது. பிணைப்பதற்கான புரதம் டெட்டனஸ் டாக்சாய்டு (தீங்கு நீக்கப்பட்ட டெட்டனஸ் நச்சு), அதை ஏற்கெனவே பெருமளவில் தயாரித்துக்கொண்டிருந்தது புனேயின் சீரம் நிறுவனம். தொழில்நுட்பத்தைக் கொடுத்தால் 50 சென்ட்டுக்குள் தருகிறோம் என்று அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பத்துப் பேருக்கான உலர்தூள் குப்பியாக வந்ததும் செலவைக் குறைத்தது. அறிமுகமானபோது விலை ஏறத்தாழ 40 சென்ட், அன்றைய மதிப்பில் 20 ரூபாய்க்கும் குறைவு. (நம் ஊரில் அப்போது இரண்டு காபி குடிக்கும் செலவு.)

2005-இல் முதற்கட்டச் சோதனை இந்தியாவில் நடந்தது. அடுத்த ஆண்டு மாலியிலும் காம்பியாவிலும். 2010 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி எனும் தர ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று புர்க்கினா ஃபாசோவில் இயக்கம் தொடங்கி, 1 முதல் 29 வயது வரையிலான ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குப் பத்து நாட்களில் ஊசி போடப்பட்டது.

குடவாசல் அறிவியல் ஆசிரியர்:

மிக்க நன்றி. 29 வயது வரை ஏன்? குழந்தைகளுக்கு மட்டும் போட்டால் செலவு இன்னும் குறையுமே?

மன்னார்குடி மருந்தாளுநர்:

கிருமியைத் தொண்டையில் சுமந்து பரப்புவோரில் வளர்ந்த பிள்ளைகளும் இளைஞர்களும் மிகுதி என்பதால்தான், ஐயா. வயலில் ஒரு மடையை மட்டும் அடைத்தால் தண்ணீர் இன்னொரு மடை வழியாகப் போவதுபோல, குழந்தைகளை மட்டும் காத்தால் அண்ணனும் அக்காவும் கிருமியைக் கொண்டுவருவார்கள். புர்க்கினா ஃபாசோவில் ஊசிக்குப் பிறகு எடுத்த தொண்டை மாதிரிகளில் ஓராண்டுக்கும் மேலாக ஏ வகை தென்படவே இல்லை. ஊசி போடாதவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு கிடைத்தது. 2017-க்குப் பிறகு அந்தப் பட்டையில் ஏ வகை நோய் பதிவாகவில்லை.

நம் அட்டவணையில் அது இல்லாததற்குக் காரணம், ஏ வகைக் கொள்ளைநோய் நம் பகுதியின் சிக்கல் அன்று என்பதே. அங்கே டிசம்பர் முதல் ஜூன் வரை சகாராவிலிருந்து வீசும் வறண்ட புழுதிக்காற்று தொண்டையைப் புண்ணாக்குகிறது. மழை வந்ததும் நோய் அடங்கிவிடுகிறது. இந்தியாவில் டெல்லி, மேகாலயா, திரிபுரா போன்ற இடங்களில் அவ்வப்போது வந்ததுண்டு. ஆனால் கைக்குழந்தைகளுக்கு மெனிஞ்சைட்டிஸ் தரும் வேறு இரண்டு பாக்டீரியாக்களுக்கு இங்கே ஊசி இருக்கிறது: தமிழ்நாட்டில் 2011 டிசம்பர் முதல் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் ஹிப் கிருமிக்கான பகுதி உண்டு, 2021 முதல் நியூமோகாக்கஸ் ஊசியும் போடப்படுகிறது. ஆகவே நமக்கு எதுவுமே இல்லை என்று சொல்வது சரியாகாது.

பதில்: கூத்தாநல்லூர் வாசகர்

எங்கள் ஊரிலிருந்து ஹஜ் செல்பவர்களுக்கு மெனிஞ்சைட்டிஸ் ஊசி பழக்கமானதுதான். என் தாயாரும் போட்டுக்கொண்டார். ஆனால் அது ஏ, சி, டபிள்யூ, ஒய் என நான்கு வகைகளுக்குரியது, புனே ஊசி ஏ வகைக்கு மட்டும். 2000, 2001 ஹஜ் காலங்களில் டபிள்யூ வகை பரவிய பிறகுதான் சவூதி அரசு நான்கு வகை ஊசியைக் கட்டாயமாக்கியது. ஆப்பிரிக்காவிலும் ஏ வகை ஒழிந்த இடத்தில் மற்ற வகைகள் தொல்லை தருவதால், அதே புனே நிறுவனமும் பாத் அமைப்பும் சேர்ந்து எக்ஸ் வகையையும் உள்ளடக்கிய ஐந்து வகை ஊசியை உருவாக்கின. 2023-இல் அது உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி பெற்றது. 2024 மார்ச்சில் நைஜீரியா முதலில் போடத் தொடங்கியது. எக்ஸ் வகைக்கு அதற்கு முன் எந்த ஊசியும் இல்லை.

இதைப் படிக்கும் பயணிகள் யாராவது இருந்தால், ஊசியைப் புறப்படும் வாரத்திற்குத் தள்ளிப்போடாதீர்கள். சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது பத்து நாட்கள் முன்பே போட்டிருக்க வேண்டும்.