புரோகிராமில் உள்ள பெயர்களை மொத்தமாக மாற்றும் ஸ்கிரிப்ட் ஓட்டியவர்கள், பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

திருவொற்றியூர்க்காரன்:
மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கான பைதான் லைப்ரரி. முதலில் எழுதியவர்கள் ஜாவா ஆட்கள், அதனால் எல்லாப் பெயரும் கேமல் கேஸ்: சொற்களை ஒட்டி, அடுத்தடுத்த சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவது. பைதானின் எழுத்து நடை வழிகாட்டியான பெப் 8 சொல்கிறபடி ஸ்னேக் கேஸுக்கு (எல்லாம் சின்ன எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு) மாற்ற முடிவாகி, எழுத்து வடிவத்தை மட்டும் பார்த்துத் தேடி மாற்றும் ரெஜெக்ஸ் ஸ்கிரிப்ட் ஒன்றை வேறு டீம் ஓட்டியது. டெஸ்ட் எல்லாம் பாஸ். மறுநாள் காலை கேட்டில் பாஸ் அடிக்கவில்லை, லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. மேற்கோள் குறிக்குள் இருந்த ஜேசான் கீயையும் (மற்ற சாஃப்ட்வேருக்குப் போகிற தகவலில் உள்ள பெயர்) ஸ்கிரிப்ட் மாற்றியிருந்தது; கேட் சாஃப்ட்வேர் பழைய கீயைத் தேடிக்கொண்டிருந்தது. டெஸ்ட் ஃபைல்களும் அதே ஸ்கிரிப்டில் மாறியதால் அங்கே எதுவும் தெரியவில்லை. ஒரு டிரைவர் கவுன்ட்டருக்கு வந்து, "நாலு எழுத்து, ஏழு நம்பர், கன்டெய்னர் கதவுலயே இருக்கு சார். அப்புறம் எப்படி நம்பரே இல்லன்னு வருது?" என்று கேட்டார். அவர் கேட்டது அவ்வளவு சரி. இன்னும் மனதில் நிற்கிறது.

பெரம்பூர் லோகோ:
ஆட்டோமேஷனைக் குறை சொல்லாதீர்கள். எது பெயர், எது ஸ்ட்ரிங் (மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்து) என்று ரெஜெக்ஸுக்குத் தெரியாது. புரோகிராம் கோடின் அமைப்பைப் பாகுபடுத்திப் படிக்கிற லிப்சிஎஸ்டி, ரோப் மாதிரிக் கருவிகள் எல்லாம் எதற்கு இருக்கின்றன? எங்கள் இடத்தில் மாட்டியது வேறு: சுருக்கப் பெயர்கள். ஒவ்வொரு பெரிய எழுத்துக்கு முன்னாலும் அடிக்கோடு விழுந்து, ஹெச்டிடிபி என்பது ஹெச்_டி_டி_பி என்று துண்டு துண்டாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் ரிவ்யூவை அங்கேயே நிறுத்தினேன்.

வியாசர்பாடி:
பெரம்பூர் நண்பரே, லிப்சிஎஸ்டியும் காப்பாற்றாது. எங்களிடம் ஃபங்ஷன் பெயர் டேட்டாபேஸ் டேபிளில் இருந்தது, பெயரை ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் ஃபங்ஷனை எடுத்துத் தரும் கெட்ஆட்டர் வைத்துக் கூப்பிடுவோம். டேபிளில் பழைய பெயரே நின்றுவிட்டது. மாதக் கடைசி ரிப்போர்ட் அன்றுதான் விழுந்தது.

கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பழைய பெயரை உடனே எடுக்காதீர்கள், புதுப் பெயரைக் கூப்பிடும் மாற்றுப் பெயராக விட்டுவையுங்கள். பைதானின் டெஸ்ட் லைப்ரரியான யூனிட்டெஸ்டில் அசெர்ட்ஈக்வல்ஸ் என்ற பழைய பெயரை எத்தனையோ வருடம் எச்சரித்த பிறகு, 2023இல் வந்த பைதான் 3.12இல்தான் எடுத்தார்கள். டெப்ரிகேஷன் வார்னிங் (இந்தப் பெயர் பின்னால் போய்விடும் என்ற எச்சரிக்கை) போட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். லைப்ரரிக்குள் எழும் அந்த எச்சரிக்கையைப் பைதான் வழக்கமாகக் காட்டாது, பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியில் ஓட்டினால் தெரியும். பெயர் மாற்றம் மட்டும் தனி கமிட்டாக (கோடில் ஒரே தடவையாகப் பதியும் மாற்றமாக) இருக்கட்டும். அந்த கமிட்டை கிட் பிளேமின் விலக்கு ஃபைலில் சேர்த்தால், யார் எதை எழுதினார் என்ற வரலாறு குழம்பாது. இன்னொன்று, பெப் 8ஐ முழுதாகப் படியுங்கள். ஏற்கெனவே கேமல் கேஸில் ஓடுகிற இடத்தில், பழைய கோடு உடையாமலிருக்க அதையே வைத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே இருக்கிறது.

திருவொற்றியூர்க்காரன்:
அந்தக் கடைசி வரியை எங்கள் மீட்டிங்கில் யாருமே படிக்கவில்லை. இப்போது லைப்ரரிக்குள் புதுப் பெயர், வெளியே போகிற ஜேசானில் பழைய கீ, நடுவே எந்தப் பெயருக்கு எந்தக் கீ என்று சொல்லும் ஒரு மேப்பிங் ஃபைல். எந்த ஸ்கிரிப்ட் ஓடினாலும் அந்த ஃபைலைத் தொடாதபடி விலக்கி வைத்திருக்கிறோம்.