பழைய பண்ணையில் மரங்கள் நிற்கும் இடத்திற்குக் காரணம் உண்டா?

கேள்வி:
குடும்பப் பண்ணையின் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்துள்ளது. மேற்கு எல்லையில் நெருக்கமான மர வரிசையும், அதையொட்டி முள்வேலிச் செடிகளும், வீட்டருகே இரண்டு இலையுதிர் மரங்களும் உள்ளன. நட்டவர்கள் இப்போது இல்லை. வரிசையின் ஓரத்தில் பயிர் தேறுவதில்லை என்பதால் அதை வெட்டிவிடலாமா?

பதில் 1:
பலத்த காற்று மேற்கிலிருந்து வருமானால் தயவுசெய்து வெட்டாதீர்கள். இத்தகைய வரிசை, தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 10 மடங்கு தொலைவு வரை காற்றின் வேகத்தைக் குறைப்பதால், மண்ணின் ஈரம் காக்கப்படுகிறது; பயிரும் சாய்வதில்லை. ஓரத்தில் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் மர உயரத்திற்குச் சமமான அகலத்திற்குள் அடங்கிவிடும். அடிக்கிளைகளையும் கழிக்க வேண்டாம். கழித்தால், கீழே திறந்த இடைவெளியில் காற்று முன்னைவிட விரைந்து பாயும்.

பதில் 2:
முள்செடிகள் கால்நடைகளுக்கான உயிர்வேலியாக இருந்திருக்கும். அமெரிக்கப் புல்வெளிப் பகுதிகளில் இதற்காகவே ஓசேஜ் ஆரஞ்சு என்ற முள்மரத்தை நெருக்கமாக நட்டு, வெட்டி வெட்டி அடர்த்தியாக்கினார்கள். ஜோசப் கிளிடன் 1874இல் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்ற பின் அந்த வேலிகளின் தேவை குறைந்தது. ஆயினும் அதன் கட்டை எளிதில் மக்காததால், அதே மரம் கம்பி வேலிக்குக் கம்பமாகப் பயன்பட்டது. முன்னோரின் நடவு ஒரே பயனோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பதில் 3:
வீட்டருகே உள்ளவை பிற்பகல் வெயில் விழும் பக்கத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இலையுதிர் மரங்கள் கோடையில் சுவருக்கு நிழல் தந்து, குளிர்காலத்தில் இலை உதிர்த்து வெயிலை உள்ளே விடும்.

கேள்வி கேட்டவர்:
ஆம், அந்தப் பக்கத்தில்தான் நிற்கின்றன. ஆனால் மேற்கு வரிசையில் சில மரங்கள் பட்டுப்போய்விட்டன. அவற்றை என்ன செய்வது?

பதில் 1:
பட்டவற்றை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடைவெளிகளை உடனே நிரப்புங்கள்; வரிசையில் விழும் ஓட்டை வழியே காற்று குவிந்து பாய்ந்து, அதற்கு நேரே உள்ள பயிரைத்தான் அதிகம் தாக்கும். முழு வரிசையும் மூப்படைந்திருந்தால், பக்கத்திலேயே புதிய வரிசை நட்டு, அது போதிய உயரம் எட்டிய பிறகே பழையதை எடுக்கலாம். ஓரப் பயிருக்கு, மரங்களுக்கும் வயலுக்கும் நடுவே ஆழமான பள்ளம் வெட்டி, வயலுக்குள் ஓடும் பக்கவேர்களை அறுத்துவிட்டால் ஈரப்போட்டி குறையும். வேர்கள் மீண்டும் நீளும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும்.