டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்': நிஜமாகவே மேடையில் பதிந்ததா, ஸ்டூடியோவில் ஒட்டுப்போட்டதா?

கொள்ளிடக்கரை (மயிலாடுதுறை):

டீப் பர்ப்பிள் என்கிற இங்கிலாந்து ராக் குழுவின் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தை மனப்பாடம் ஆகிற அளவுக்குக் கேட்டாகிவிட்டது. அடுத்தது அவர்களுடைய லைவ் ஆல்பம் 'மேட் இன் ஜப்பான்' கேள் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். சரி என்று போட்டால், ஸ்டூடியோவில் நாலரை நிமிஷத்தில் முடிகிற 'ஸ்பேஸ் ட்ரக்கின்' இங்கே இருபது நிமிஷம் ஓடுகிறது, பாதிக்கு மேல் எது கிட்டார் எது ஆர்கன் என்றே எனக்குப் பிரியவில்லை. போதாததற்கு தஞ்சாவூரில் சின்னதாக ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிற நண்பன், "லைவ் ஆல்பம் எல்லாம் பித்தலாட்டம்டா, கைதட்டல் மட்டும்தான் லைவ், மிச்சத்தைத் திரும்ப வாசித்து ஒட்டிவிடுவார்கள்" என்று அடித்துச் சொல்கிறான். இந்த ஆல்பத்துக்கும் அது பொருந்துமா? அப்புறம் எந்தப் பதிப்பை வாங்குவது? 'மேட் இன் ஜப்பான்' என்று ஒன்று, 'லைவ் இன் ஜப்பான்' என்று ஒன்று, ஒரு சிடி, இரண்டு சிடி, மூன்று சிடி, தலை சுற்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மைக்செட்காரன் (திருவாரூர்):

தம்பி, உங்க நண்பர் பொதுவாகச் சொன்னதில் தப்பில்லை, ஆனால் அதைச் சொல்லத் தப்பான ஆல்பத்தைப் பிடித்திருக்கிறார்.

முதலில் இது எப்படி உருவானது என்று பாருங்க. 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகாவில், 17 டோக்கியோ புடோக்கானில், மொத்தம் மூன்று ராத்திரி. லைவ் ஆல்பம் போட வேண்டும் என்று கேட்டது ஜப்பான் ரெக்கார்டு கம்பெனி, குழுவுக்கு அதில் பெரிய விருப்பமே இல்லை. ஜப்பானில் மட்டும்தான் விற்கப் போகிறார்கள் என்று நினைத்து, எங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச் பதிவு செய்யட்டும், டேப்பை நாங்களே கலந்து தருகிறோம் என்று நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டார்கள். ஆன செலவு சுமார் 3,000 டாலர் என்பார்கள். பதிவானது எட்டு டிராக்கில், அதாவது ஒரே டேப்பில் எட்டுத் தனித்தனி வரிசையாக. மிக்ஸிங்குக்கு வந்து உட்கார்ந்தது பாஸ் வாசிக்கும் ரோஜர் குளோவரும் டிரம்ஸ் இயன் பைஸும்தான். பாடின இயன் கில்லனும் கிட்டார் வாசித்த ரிட்ச்சி பிளாக்மோரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு அலட்சியமாக இருந்தவர்கள் ஸ்டூடியோ வாடகை கொடுத்துத் திரும்ப வாசித்து ஒட்டுவார்களா? அக்கறை இல்லாததால்தான் இந்த ஆல்பம் சுத்தமாக வந்தது என்பது என் கட்சி.

இப்போ தொழில் விஷயம். நான் கோயில் புறப்பாட்டுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போடுகிறவன். நாதஸ்வரத்துக்கு முன்னால் மைக் வைத்தால் அதில் தவில்தான் முதலில் ஏறும். கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற பையன் வந்து, "அண்ணே, நாதஸ்வரத்தை மட்டும் தனியாப் பிரிச்சுக் கொடுங்க" என்பான். எங்கே பிரிப்பது? ஜால்ராக்கூட உள்ளே இருக்கும். ராக் மேடையிலும் இதே கதைதான். கில்லன் பாடுகிற மைக்கில் பின்னால் இருக்கிற டிரம்ஸ் ஏறும், டிரம்ஸுக்கு வைத்த மைக்கில் மேடையில் பாடகருக்காக வைக்கிற ஸ்பீக்கரான மானிட்டரிலிருந்து வருகிற அவர் குரல் லேசாக ஏறும். பாட்டு டிராக்கை அழித்துவிட்டு ஸ்டூடியோவில் திரும்பப் பாடினால், பழைய குரல் டிரம்ஸ் டிராக்கில் பேய் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், கூடவே டிரம்ஸின் சத்தமும் மாறிப்போகும். முடியவே முடியாது என்று சொல்லவில்லை, பாஸ் மாதிரி ஆம்பிலிருந்து நேராக எடுக்கிற டிராக் என்றால் சுலபமாக மாற்றிவிடலாம். ஆனால் 'சைல்ட் இன் டைம்' பாட்டில் அவர் உச்சத்தில் கத்துகிற இடத்தை ஹெட்போனில் கேளுங்க, அந்தக் குரல் ஒரு கூடத்துக்குள் இருக்கிறது. அதைப் பின்னால் செய்து ஒட்டுவது ரொம்பக் கஷ்டம்.

சோழநாட்டுச்_சத்தம் (கும்பகோணம்):

மைக்செட் அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் மற்ற ஆல்பங்கள் பக்கம் உங்க நண்பருக்குக் கொஞ்சம் நியாயம் செய்துவிடலாம். ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 1979-ல் டோக்கியோவில் பதிந்த 'அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்' ஆல்பத்தை ரசிகர்களே "அன்லீஷ்ட் இன் தி ஸ்டூடியோ" என்று கிண்டல் செய்வார்கள், அன்றைக்குத் தொண்டை போய்விட்டதால் பிறகு பாடிச் சேர்த்ததாக பாடகர் ராப் ஹால்ஃபோர்டே சொல்லியிருக்கிறார். தின் லிஸ்ஸியின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' 1978, அதில் முக்கால்வாசி ஸ்டூடியோ என்று தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொல்ல, இல்லவே இல்லை, முக்கால்வாசி மேடை என்று குழுவினர் மறுக்க, அந்தப் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. கிஸ்ஸின் 'அலைவ்!' பற்றியும் இதே பேச்சுதான். மோட்டர்ஹெட்டின் 'நோ ஸ்லீப் டில் ஹேமர்ஸ்மித்' இன்னும் வேடிக்கை, தலைப்பில் ஹேமர்ஸ்மித் இருக்கிறதே தவிர பதிவில் பெரும்பகுதி லீட்ஸிலும் நியூகாசிலிலும் எடுத்தது.

'மேட் இன் ஜப்பான்' ஆல்பத்திலும் ஒரு டூப்பு உண்டு, ஆனால் அது சத்தத்தில் இல்லை, அட்டையில். முன்பக்கப் படம் ஜப்பானே இல்லை, லண்டன் ரெயின்போ தியேட்டரில் எடுத்தது. அந்தக் கூட்டத்தில் நிற்கிற பையன்களில் ஒருவர் பிற்பாடு டெஃப் லெப்பர்ட் குழுவில் கிட்டார் வாசித்த ஃபில் காலன். உங்க நண்பரிடம் வேண்டுமானால் இதைக் கொடுத்துச் சமாதானப்படுத்துங்க.

கொள்ளிடக்கரை:

அட்டைப்படம் லண்டனா! இதை முதலில் அவனுக்கு அனுப்பிவிடுகிறேன், விடமாட்டான். ரொம்ப நன்றி அண்ணே. ஆனால் ஆர்கன் சந்தேகம் அப்படியே நிற்கிறது.

தவில்வீட்டுப்பிள்ளை (குத்தாலம்):

ஆர்கன் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை. குழுவின் ஆர்கன்காரர் ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை, வழக்கமாக அதற்கு வைக்கிற லெஸ்லி ஸ்பீக்கரை விட்டுவிட்டு, கிட்டார்காரர்கள் வைத்திருக்கிற மார்ஷல் ஆம்ப்பில் சொருகிவிட்டார். அதனால் அதுவும் உறுமும். இந்த மிக்ஸில் ஆர்கன் ஒரு பக்கம், கிட்டார் இன்னொரு பக்கம் இருக்கும், ஹெட்போனில் ஒரு காதைக் கழற்றிவிட்டுக் கேளுங்க, அரை மணியில் பழகிவிடும். 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' கடைசியில் இரண்டு பேரும் மாற்றி மாற்றி வாசிக்கிற இடத்தில் ஆரம்பியுங்க. அங்கே ஆள் அடையாளம் தெரிந்துவிட்டால் பிறகு தொலையவே மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் எல்லாரும் தவில்காரர்கள், நான் மட்டும் வேலைக்குப் போனவன். அப்பாவுக்கு இந்த ஆல்பத்தில் பிடித்தது 'தி மியூல்' ஒன்றுதான். ஸ்டூடியோவில் அது 'ஃபயர்பால்' ஆல்பத்துப் பாட்டு, இங்கே முக்கால்வாசி இயன் பைஸின் டிரம்ஸ்தான். பைஸ் இடக்கைக்காரர், ஒற்றைக் கையால் உருட்டுகிற உருட்டுக்குப் பேர் போனவர். அப்பா திரும்பத் திரும்ப ஒரே இடத்தைப் போடச் சொல்லிவிட்டு, "இன்னொரு கை என்ன பண்ணுது?" என்று கேட்டார். தாளக்கணக்கு பெரிசா ஒண்ணும் இல்லை, ஆனால் அடியில் சோர்வு இல்லை என்பது அவர் தீர்ப்பு. அவரிடம் இது வாங்குவது கஷ்டம்.

'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' நடுவில் ரிட்ச்சி பிளாக்மோர் ஒரு சங்கதி வாசிப்பார், கில்லன் அதைக் குரலில் திருப்பிச் சொல்வார், அவர் இன்னும் மேலே போவார், இவரும் விடமாட்டார். கடைசியில் கில்லன் ஒரு கத்தலில் முடித்துவிடுவார். இதை எடுத்த எடுப்பில் நாதஸ்வரக் கச்சேரியோடு ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் விரித்தது வேறு சமாச்சாரம், இது இரண்டு பேர் வம்பிழுத்துக்கொள்வது, அந்தச் சந்தோஷத்துக்காகக் கேட்டால் போதும்.

வெண்ணாறு (நீடாமங்கலம்):

எல்லாரும் தூக்கிவைத்து ஆடுகிறீர்கள், ஒருத்தனாவது மாற்றிச் சொல்ல வேண்டாமா? ஏழே பாட்டு, கிட்டத்தட்ட 76 நிமிஷம். நாற்று நடுகிற சீசனில் ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு 'ஸ்பேஸ் ட்ரக்கின்' போட்டால் நடுவிலேயே தூங்கிவிடுவேன், அதைக் குறை என்று சொல்லலாமா பாராட்டு என்று சொல்லலாமா தெரியவில்லை. அந்தப் பாட்டின் பின்பாதி பழைய 'மாண்ட்ரேக் ரூட்' பாட்டுக் காலத்திலிருந்தே அவர்கள் மேடையில் இழுத்துக்கொண்டிருந்த விஷயம், நேரில் பார்த்தவர்களுக்கு லார்ட் ஆர்கனைப் பிடித்து ஆட்டுவதும் பிளாக்மோர் கிட்டாரைப் போட்டுப் படுத்துவதும் தெரிந்திருக்கும், நமக்கு வெறும் சத்தம்தான் வருகிறது. நான் சொல்வது, முதல் எல்பி-யின் இரண்டு பக்கத்தையும் கேளுங்க, 'ஹைவே ஸ்டார்', 'சைல்ட் இன் டைம்', 'ஸ்மோக்', 'மியூல்'. 'ஸ்பேஸ் ட்ரக்கின்' இருக்கிற கடைசிப் பக்கத்தைக் கேட்காமல் விட்டாலும் தோஷம் இல்லை. தம்பிக்குக் கிட்டார் பிரிந்து கேட்க வேண்டும் என்றால், 'ஹைவே ஸ்டார்' சோலோவை ஸ்டூடியோ வெர்ஷனோடு பக்கத்தில் வைத்துக் கேட்டாலே ஒரு மாசத்துக்கு வேலை இருக்கிறது.

மைக்செட்காரன்:

வெண்ணாறு சார், கடைசிப் பக்கத்தை விடச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அந்த இருபது நிமிஷத்தில்தான் ஐந்து பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டு வாசிக்கிறார்கள் என்பது தெரியும், லார்ட் சத்தத்தைக் குறைத்தால் பைஸ் உடனே குறைப்பார். மேடையில் வேலை பார்க்கிறவனுக்கு அது பெரிய விஷயம். ஆனால் முதல் தடவையே கேள் என்று நானும் சொல்ல மாட்டேன்.

பதிப்பு விஷயம். கையில் காசு குறைவு என்றால் பழைய ஒற்றை சிடி போதும், ஏழு பாட்டும் அதிலேயே அடங்கிவிடும். 1998-ல் வந்த இரண்டு சிடி பதிப்பில் 'பிளாக் நைட்', 'ஸ்பீட் கிங்', 'லூசில்' என்று ஆங்கோர் பாட்டுகள், அதாவது கச்சேரி முடிந்தபின் ரசிகர்கள் கேட்டதற்காக வாசித்தவை, சேர்ந்து வரும், எனக்குப் பிடித்தது அதுதான். 'லைவ் இன் ஜப்பான்' என்பது 1993-ல் வந்த மூன்று சிடி. ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு சிடி. உங்க நண்பர் வாயை அடைக்க அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆல்பத்தில் பெரும்பாலானது 16-ஆம் தேதி ஒசாகா, 'ஸ்மோக்' மட்டும் 15, 'மியூலும்' 'லேசி' என்ற பாட்டும் 17 டோக்கியோ. ஒரே பாட்டை மூன்று ராத்திரியிலும் கேட்டால் சோலோ மூன்று விதமாக இருக்கும், பிசிறும் இருக்கும். அப்புறம் ஒன்று, அந்தச் சமயத்தில் தன் குரல் சரியில்லை என்று கில்லனுக்கே இந்த ஆல்பத்தின் மேல் திருப்தி கிடையாது. ஒட்டுப்போடுகிற எண்ணம் இருந்திருந்தால் முதலில் மாற்றியிருக்க வேண்டியது அவர் பாட்டைத்தான், மாற்றவில்லையே. மறு வருஷம் 1973 ஜூனில் அதே ஒசாகாவில் கடைசியாகப் பாடிவிட்டு அவரும் குளோவரும் விலகியும் போனார்கள்.

தம்பி, யூடியூபில் போனைக் கையில் வைத்துக் கேட்காதீங்க, பைஸின் கிக் டிரம் அதில் வரவே வராது. திருவாரூர் பக்கம் வந்தால் சொல்லுங்க, குடோனில் பெரிய பாக்ஸ் இரண்டு சும்மா கிடக்கிறது, போட்டுக் காட்டுகிறேன். ஆழித்தேர் வேலை முடியட்டும், அதுவரை எல்லா ஆம்ப்பும் வெளியே இருக்கிறது. உங்க தஞ்சாவூர் நண்பரையும் கூட்டிக்கொண்டு வாங்க.