பிஎம்பி 450: சந்தாதாரர் வேக வரம்பை ரேடியஸ் சர்வரிலிருந்து அனுப்புவது தொடர்பாக

கேள்வி

வணக்கம். மூன்று கிராமங்களுக்கு வானலை வழியே அகலக்கற்றை இணைப்பு வழங்கும் சிறிய சேவை ஒன்றை நடத்தி வருகிறேன். கோபுரத்தில் கேம்பியம் நிறுவனத்தின் பிஎம்பி 450 ஆக்சஸ் பாயிண்ட்கள் (வீட்டு ரேடியோக்களுடன் பேசும் கோபுர ரேடியோக்கள்) இரண்டும், வீட்டுக் கூரைகளில் ஏறத்தாழ 70 சந்தாதாரர் ரேடியோக்களும் உள்ளன. இதுவரை ஒவ்வொரு ரேடியோவிலும் நுழைந்து வேக வரம்பைக் கையால் எழுதி வந்தேன். யாராவது திட்டம் மாறினால் அந்த ஒரு ரேடியோவைத் தேடித் திருத்த வேண்டியிருப்பதால், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் இணைத்த ஃப்ரீரேடியஸ் சர்வருக்கு (சந்தாதாரரைச் சரிபார்த்து, அவருக்கான அமைப்புகளை அனுப்பும் ரேடியஸ் மென்பொருள்) இவ்வேலையை மாற்ற முயல்கிறேன்.

ஒரே திட்டத்திலுள்ள பயனர் குழுவுக்கு அனுப்பவேண்டிய மதிப்புகளை வைக்கும் ரேட்குரூப்ரிப்ளை அட்டவணையில், பதிவிறக்கத்துக்கு டிஎல்பிஆர் 10000, டிஎல்பிஎல் 80000 என்றும், பதிவேற்றத்துக்கு யூஎல்பிஆர் 2000, யூஎல்பிஎல் 8000 என்றும் பண்புக்கூறுகளை (சர்வர் அனுப்பும் அமைப்பு மதிப்புகளை) எழுதினேன். முதல் ஆக்சஸ் பாயிண்டில் அங்கீகாரம் வெற்றி பெறுகிறது. சர்வரின் பிழைதிருத்தப் பதிவிலும் நான்கு பண்புக்கூறுகளும் அனுப்பப்பட்டதாகத் தெரிகிறது. ஆனால் பழைய வேகமே நடப்பில் உள்ளது. இரண்டாவது ஆக்சஸ் பாயிண்டில் புதிய மதிப்புகள் வந்துவிட்டன. எனினும் வேகச் சோதனை தொடக்கத்தில் 30 மெகாபிட் காட்டி, சில விநாடிகளில் 10 மெகாபிட்டுக்கு இறங்குகிறது. இவ்விரண்டுக்கும் காரணம் என்ன? மேலும், திட்டத்தை மாற்றியதும் இணைப்பைத் துண்டிக்காமல் புதிய வேகத்தை நடைமுறைப்படுத்த வழி உண்டா?

மறுமொழி 1

சர்வர் மதிப்பை அனுப்பிவிட்டது என்பதால் ஆக்சஸ் பாயிண்ட் அதை ஏற்றுக்கொள்ளும் என்று பொருளில்லை. ஆக்சஸ் பாயிண்டின் அமைப்புப் பக்கத்தில் ‘கான்ஃபிகரேஷன் சோர்ஸ்’ என்றொரு தேர்வு இருக்கிறது. அது ‘எஸ்எம்’ (சந்தாதாரர் ரேடியோ) என்றிருந்தால், சர்வர் எதை அனுப்பினாலும் ரேடியோவில் எழுதியிருக்கும் மதிப்பே செல்லும். உங்கள் முதல் ஆக்சஸ் பாயிண்ட் அந்த நிலையில் இருக்கிறது என்றே கருதுகிறேன். ‘அதென்டிகேஷன் சர்வர் + எஸ்எம்’ (அங்கீகார சர்வரும் ரேடியோவும்) என்பதற்கு மாற்றுங்கள். அப்போது சர்வர் அனுப்பியவை சர்வரிலிருந்தும், அனுப்பாதவை ரேடியோவிலிருந்தும் எடுத்துக்கொள்ளப்படும். எழுபது வீடுகளையும் ஒரே நாளில் மாற்ற இயலாத உங்களுக்கு இந்த இடைநிலையே பாதுகாப்பானது.

இரண்டாவதாக நீங்கள் கண்டது பிழையன்று. டிஎல்பிஆர் என்பது விநாடிக்கு எத்தனை கிலோபிட் என்னும் நிலையான வேகம். டிஎல்பிஎல் வேகத்தைக் குறிப்பதில்லை. அது ஒரு தொட்டியின் கொள்ளளவு, கிலோபிட் கணக்கில். பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் பலரும் இதை உச்ச வேகம் என்று எண்ணி எழுதிவிடுகிறார்கள். 80000 கிலோபிட் என்பது 10 மெகாபைட். உங்கள் வானலை இணைப்பு 30 மெகாபிட் தரும்போது, தொட்டி விநாடிக்கு 30 மெகாபிட் வடிந்து 10 மெகாபிட் நிரம்புகிறது. ஆகவே 80-ஐ 20-ஆல் வகுத்தால் கிடைக்கும் 4 விநாடிக்கு முழு வேகம் ஓடி, அதன்பின் 10 மெகாபிட்டில் நிலைக்கிறது. சந்தாதாரர் எதையும் இறக்காமல் இருந்தால் 8 விநாடியில் தொட்டி மீண்டும் நிரம்பிவிடும். இணையப் பக்கங்கள் விரைவாகத் திறப்பதற்கு இந்தத் தொட்டி மிகவும் உதவுகிறது. வேகச் சோதனை சீராகத் தெரியவேண்டும் என்பதற்காக அதை வெட்டிவிடாதீர்கள்.

மறுமொழி 2

மூன்றாவது கேள்விக்கு: அங்கீகார ஏற்புச் செய்தியோடுதான் பண்புக்கூறுகள் செல்கின்றன என்பதால், அட்டவணையை மாற்றுவதால் மட்டும் நடப்பிலுள்ள இணைப்பு மாறாது. ரேடியோ மறுபடியும் பதிவாகும்போது புதிய மதிப்பு கிடைக்கும். துண்டிக்காமல் மாற்ற, ஆர்எஃப்சி 5176 என்னும் இணையத் தர ஆவணம் விவரிக்கும் சிஓஏ செய்தியை (நடப்பு இணைப்பின் அமைப்பை மாற்றச் சொல்லும் செய்தி) சர்வரிலிருந்து ஆக்சஸ் பாயிண்டின் யுடிபி 3799 போர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆக்சஸ் பாயிண்டில் அந்த வசதியை முதலில் இயக்கி, ஃபயர்வாலில் சர்வரின் முகவரிக்கு மட்டும் போர்ட்டைத் திறந்துவையுங்கள். இரு பக்கமும் கடிகாரம் ஒத்திருப்பதும் முக்கியம். செய்தியிலுள்ள நேரமுத்திரை (அனுப்பிய நேரக் குறிப்பு) கடிகாரத்திலிருந்து விலக அந்த ஆவணம் பரிந்துரைக்கும் இடைவெளி 300 விநாடிதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வேக வரம்பை மைய ரூட்டரில் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். பதிவிறக்கத்துக்கு அது பொருந்தும், ஏனெனில் பாக்கெட் வானலையில் ஏறும் முன்பே தடுக்கப்படுகிறது. பதிவேற்றத்தில் நிலைமை வேறு: பாக்கெட் வானலையைக் கடந்து, அனைவருக்கும் பொதுவான வானலை நேரத்தைச் செலவிட்டபின் ரூட்டரில் வீணாகிறது. டிசிபி, யுடிபி ஆகிய இரண்டும் தரவை அனுப்பும் முறைகள்; டிசிபி இழப்பைக் கண்டு தணிந்துவிடும். யுடிபி தானாகத் தணிவதில்லை. யூஎல்பிஆர் மதிப்பைக் கூரையிலுள்ள ரேடியோவே செயல்படுத்துவதால், ஒரு வீட்டின் கண்காணிப்புக் கேமரா மற்ற வீடுகளின் நேரத்தைத் தின்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் முயற்சி சரியானது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் ஆக்சஸ் பாயிண்ட் ‘எஸ்எம்’ நிலையில்தான் இருந்தது. மாற்றி, ரேடியோக்கள் மறுபதிவானதும் 10 மெகாபிட் வந்துவிட்டது. ஆனால் ஒரு வீட்டுக்கு மட்டும் இன்னும் 4 மெகாபிட்தான் கிடைக்கிறது; சர்வரே 4000 என்றுதான் அனுப்புகிறது.

மறுமொழி 1

அந்தப் பயனர் பெயருக்கு, தனிநபருக்கான மதிப்புகளை வைக்கும் ரேட்ரிப்ளை அட்டவணையில் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரீரேடியஸ் முதலில் தனிநபர் வரியைச் சேர்த்து, பிறகுதான் குழுவுக்கு வருகிறது. குழு வரியில் வெறும் சமக்குறி இருந்தால், அதே பண்புக்கூறு ஏற்கெனவே இருப்பதைக் கண்டு அது ஒதுங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

இருந்தது. தொடக்கச் சோதனையின்போது நானே எழுதி மறந்த வரி. குழு வரியின் சமக்குறியை, தனிநபர் மதிப்பை மேலெழுதும் குறியாக மாற்றினால் பள்ளிக்கூடத்துக்கென வேண்டுமென்றே கொடுத்திருக்கும் கூடுதல் வேகமும் அழிந்துவிடும் என்பதால், அந்த ஒரு வரியை மட்டும் நீக்கினேன். இப்போது அந்த வீட்டுக்கும் 10 மெகாபிட் கிடைக்கிறது. சிஓஏ சோதனையை இன்றிரவு ஒரே ஒரு ரேடியோவில் செய்து பார்க்கிறேன்.